வாடை நின்ற திங்கட்கிழமை

மோட்டார்காரர் அன்றைக்கு வாய் திறந்து சொன்னது ஒரே ஒரு பேச்சுதான். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால் சும்மாவாவது நின்றிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அது நான்கு மாடிக் கட்டடம், பன்னிரண்டு வீடுகள். மூன்றாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய வீட்டில் அவரும் மனைவியும் எட்டு வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். அடுத்த தெருவில் அவருக்குச் சின்னக் கடை. கருகிப்போன மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். கட்டடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குழாயில் தண்ணீர் ஏறவில்லை, விளக்கு மினுக்குகிறது, வாசல் மணி அடிக்கவில்லை, எதுவானாலும் "மோட்டார்காரரைக் கேளுங்க" என்பார்கள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர்தான் பிறகு வினையாக முடிந்தது.

மனைவி வேலை பார்த்த துணிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், மூன்றாம் மாதம் பின்னறையைக் காலி செய்து சிப்பிக் காளான் வளர்க்க ஆரம்பித்தாள். வைக்கோலைப் பதப்படுத்திப் பைகளில் திணித்து, காளான் விதை தூவிக் கட்டித் தொங்கவிட வேண்டும். இருபது நாளில் பையின் துளைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாய்க் காது மடல்போல் எட்டிப் பார்க்கும். கட்டடத்து விதிப்படி வீட்டுக்குள் தொழில் எதுவும் நடத்தக்கூடாது. அதனால் கமுக்கமாக நடந்தது. ஓர் உணவகம் வாரம் தவறாமல் வாங்கிக்கொண்டது. அவள் முகத்தில் மறுபடி களை வந்தது.

வைக்கோலைக் கொதிக்கும் தண்ணீரில் புழுக்குவதுதான் வழக்கம். ஒருநாள் அண்டா சரிந்து அவள் பாதம் வெந்துபோனது. அதற்கப்புறம் வெந்நீர் என்றாலே அவளுக்கு உதறல். பச்சைத் தண்ணீரில் இரண்டு வாரம் மூழ்கவைத்து, வைக்கோலைத் தானாகப் புளித்து அடங்கவிடும் முறை ஒன்று உண்டு என்று யாரோ சொன்னார்கள். நீல டிரம் ஒன்று வந்து சேர்ந்தது. காளான் என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஆனால் நான்காம் நாளிலிருந்து அந்த டிரம் விட்ட வாடை இருக்கிறதே, சாக்கடை அதனிடம் கைகட்டி நிற்க வேண்டும். பின்னறை ஜன்னல் திறப்பது, கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்டிருந்த குறுகலான சந்துக்குள். படிக்கட்டின் துவாரங்களும் அதே சந்துக்குள்தான். அவர் வீட்டு வாடை பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் படிக்கட்டில் கூடினார்கள். கட்டடச் சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற அதிகாரி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடுவில் நின்றார். கீழே, கடைசிப் படிக்கும் கீழே, துடைப்பத்தோடு விசிலக்கா நின்றாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலையில் ஏழு மணிக்கு விசில் ஊதிக்கொண்டே படியேறுவாள். வீட்டுக்காரர்கள் குப்பையை எடுத்து வைப்பார்கள். படிக்கட்டு பெருக்குவது, சாக்கடைக் குழி கழுவுவது எல்லாம் அவள்தான்.

"எங்கேர்ந்துதான் வருது இந்த நாத்தம்? சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்றாள் தரைத்தள வீட்டு அம்மா.

"எதுக்கு ஆளாளுக்குப் பேசணும்? விவரம் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரே" என்று செயலாளர் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மோட்டார்காரரே."

அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் மூன்றாவது படியில் நின்றிருந்தார். முதுகுக்குப் பின்னால் மனைவி மூச்சை அடக்குவது கேட்டது.

"கீழ சாக்கடைக் குழிதான் சார். சரியா கழுவியிருக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். வாக்கியம் முடிந்தது.

"முந்தாநேத்துதான் ஐயா கழுவுனேன்" என்றாள் விசிலக்கா.

"நீ கழுவுன லட்சணம்தான் நாலாவது மாடி வரைக்கும் தெரியுதே. சனிக்கிழமைக்குள்ள நாத்தம் போயிருக்கணும். போகலன்னா வேற ஆள் பாத்துக்குறோம்."

வீட்டுக்குள் வந்ததும் மோட்டார்காரர் டிரம்மைப் பார்த்தபடி நின்றார். அதைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

"கொட்டிடலாமா?" என்றார்.

"நாப்பது பைக்கான வைக்கோலுங்க. பாதி ஊறுனதைக் கொட்டுனா அடுத்த மாசம் முழுக்க ஒரு காளான் கிடையாது. உணவகத்துக்காரர் வேற ஆளைத் தேடிப் போயிடுவாரு." குரல் இறங்கியது. "நான் மறுபடி அந்த ஜன்னலுக்கு முன்னாடி போய் உட்காரணுமா?"

"சரி விடு. வாடை வெளியவே போகாதபடி ஒண்ணு செஞ்சிடுறேன். சனிக்கிழமைக்கு முன்னாடி முடிச்சிட்டா அந்தக்காவுக்கும் வேலை போகாது."

இதைச் சொல்லும்போது அவருக்குத் தன் மேலேயே ஒரு மதிப்பு வந்தது. தான் அவளைக் காப்பாற்றப் போவதாகவே நினைத்தார். யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்ற கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

வாடையைப் பிடிக்கக் கரிதான் வழி என்று அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை கம்பிவலை வாங்கி வந்தார். குடம் பருமனுக்கு ஓர் உருளை, அதற்குள் நிற்கும்படி ஒல்லியாக இன்னோர் உருளை, இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அந்த இடைவெளி நிறையக் கரித்துண்டு. அடியைப் பலகை வைத்து அடைத்தார். மேலே பழைய எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபேன் சுழன்றால் அறைக்காற்று கரி வழியாக உள்ளே இழுபட்டு, வாடையை அங்கேயே விட்டுவிட்டு, அலுமினியக் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே போக வேண்டும். ஜன்னலின் மீதி இடத்தைத் தகரம் வைத்து மூடினார். மோட்டாருக்குத் தானே புதுசாகக் கம்பி சுற்றினார். வேலை அழகாக வந்தது. அழகாக வர வர, அந்தப் படிக்கட்டு மறந்துகூடப் போனது.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் புறப்பட்டபோது விசிலக்கா சாக்கடைக் குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். ப்ளீச்சிங் பவுடர் பட்டு இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்திருந்தன.

"தம்பி, ஒரு நிமிஷம். நான் மூணு தடவை கழுவிட்டேன். எனக்கு இங்க ஒண்ணும் அடிக்கல. நீங்க விவரமானவரு, எந்த இடம்னு காட்டுங்க. அங்க இன்னும் கொஞ்சம் தேய்க்கிறேன்."

அவர் குனிந்து பார்த்தார். குழி, குடிக்கிற பாத்திரம்போல் சுத்தமாக இருந்தது. ஒரு மூலையைக் காட்டி, "இங்க தேய்ங்க அக்கா" என்றார்.

அவள் தேய்க்கத் தொடங்கினாள். பிரஷ் சத்தம் தெருமுனை வரை அவர் கூடவே வந்தது.

முதலில் போட்டது அடுப்புக்கரி. சுத்தியலால் உடைத்து, குளியலறை வாளியில் ஏழெட்டுத் தண்ணீர் மாற்றிக் கழுவியும் கருப்பு விட்டபாடில்லை. மொட்டைமாடியில் காயவைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று கூடத்தில் செய்தித்தாள் விரித்து மின்விசிறிக்கடியில் உலர்த்தினார்கள். வீடு முழுக்கக் கருப்புக் காலடிகள். புதன்கிழமை காலையில் ஃபேனைப் போட்டார். குழாய் வழியாகக் கரித்தூள் புகைபோலப் பீறிட்டுச் சந்துக்குள் இறங்கியது. இரண்டாம் மாடியில் உலர்த்தியிருந்த வெள்ளைப் போர்வைகளில் எல்லாம் கரும்புள்ளி. வாடையோ ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை.

ஃபேனை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கீழே இரண்டாம் மாடி மருமகளின் குரல் கேட்டது.

"குப்பையை அள்ளிட்டுப் போகாம கொளுத்துனியா நீ? பாரு, போர்வையை!"

"நான் எதையும் கொளுத்தலம்மா."

"பின்ன வானத்துலேர்ந்தா கரி கொட்டுச்சு?"

மோட்டார்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியின் மேல் இன்னொரு பழியையும் அவரே கழுவி, உலர்த்தி, ஃபேன் வைத்து அனுப்பியிருந்தார்.

அடுப்புக்கரி உதவாது, நுண்ணிய துளைகள் திறந்த கரி வேண்டும், அது மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு ஓடினார். கடையில் இருந்தது இரண்டு பொட்டலம். மீதி வெள்ளிக்கிழமைதான் வரும் என்றார்கள். வெள்ளி மாலை வாங்கி வந்து, சலித்து, கழுவி, உலர்த்தி, வலையைச் சுற்றித் தூசி பிடிக்க மெல்லிய துணியைப் போர்த்தி, ஒவ்வொரு மூட்டிலும் டேப் ஒட்டி முடிக்கச் சனிக்கிழமை மூன்று மணி ஆனது. ஃபேனைப் போட்டார். கதவிடுக்கில் ஒரு காகிதக் கீற்றைப் பிடித்துப் பார்த்தார். காகிதம் உள்பக்கமாக வளைந்தது. அறை காற்றை இழுக்கிறது, வெளியே விடவில்லை. குழாய் முனையில் மூக்கை வைத்தார். வெறும் காற்று.

"வந்துடுச்சு!" என்று மனைவியின் தோளைத் தட்டினார்.

ஆனால் ஏற்கெனவே சந்திலும் படிக்கட்டிலும் அடைந்து கிடந்த வாடை உடனே எப்படிப் போகும்? ஐந்து மணிக்குச் செயலாளர் மேலிருந்து மோந்துகொண்டே இறங்கி வந்தார். மூன்றாம் மாடியில், அவர்கள் வாசலுக்கு நேராக, விசிலக்கா படி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேர்ந்து வராதே."

"ஐயா, இன்னும் ரெண்டு நாள் குடுங்க."

"ஒரு வாரம் குடுத்தாச்சு. நாத்தத்தோட புகையும் சேர்ந்ததுதான் மிச்சம்."

கதவுக்குப் பின்னால் மோட்டார்காரரின் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவி தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. அவள் ஆட்டியிராவிட்டாலும் அவர் திறந்திருக்க மாட்டார். அது அவருக்குத் தெரியும். பின்னாளில் அவரை அதிகம் குடைந்தது அதுதான்.

திங்கட்கிழமை காலையில் புது ஆள் வந்தான். வாட்டசாட்டமானவன். அன்றைக்குப் படிக்கட்டில் வாடை சுத்தமாக இல்லை.

"பாத்தீங்களா? ஆள் மாறுனதும் எப்படி இருக்குன்னு!" என்றாள் தரைத்தள அம்மா.

"இத்தனை நாள் நம்மளை ஏமாத்தியிருக்கா" என்றாள் இரண்டாம் மாடி மருமகள்.

செயலாளர் மோட்டார்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க. சாக்கடைதான்னு."

கரி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஒழுங்காகச் செய்யச் செய்ய விசிலக்காவின் குற்றம் உறுதியானது. அந்த ஃபேன் கொஞ்சம் கெட்டுப்போகக் கூடாதா, ஒரு மூட்டில் டேப் விட்டுப்போகக் கூடாதா என்று அவருக்கே தோன்றும். ஆனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கரியை மாற்றத்தான் செய்தார். காளானும் கூடை கூடையாக வந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டால் வயிறு சரியில்லை என்பார்.

ஐந்து வாரம் கழித்து, எதிர்வரிசைக் காய்கறிக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: விசிலக்கா இப்போது பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறாளாம். மறுநாள் கடையை மத்தியானமே சாத்திவிட்டு அங்கே போனார்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, நீண்ட கழியில் கட்டிய பிரஷால் ஒரு பேருந்தின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, தம்பியா? இங்க எங்க?"

"உங்களைப் பாக்கத்தான்கா."

"என்னையா?" தண்ணீரை நிறுத்தினாள். "படிக்கட்டு எப்படி இருக்கு? நாத்தம் போயிடுச்சாமே."

"போயிடுச்சு."

"போகட்டும். நான்தான் சரியா கழுவல போல." பிரஷைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு உங்க வாசல்லதான் நாத்தம்னு முதல்ல தோணுச்சு தம்பி. உங்க வீட்டம்மாகிட்டகூடக் கேட்டேன். 'எங்க வீட்டைப் பாத்தா சாக்கடை மாதிரி இருக்கா, போய் உன் வேலையைப் பாரு'ன்னுட்டாங்க. அப்புறம் நீங்களும் குழிதான்னு சொன்னீங்க. படிச்சவங்க, விவரமானவங்க ரெண்டு பேர் சொன்னா எதை நம்புறது? என் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். இங்ககூடப் பாருங்க, கழுவுன வண்டியைப் பக்கத்துல இருக்குறவளைக் கூப்பிட்டு ஒரு தடவை மோந்து பாக்கச் சொல்லிட்டுத்தான் அடுத்ததுக்குப் போறேன்."

மனைவியிடம் அவள் கேட்ட கதை மோட்டார்காரருக்குப் புதுசு.

"உங்க மூக்கு கெடலக்கா. எங்க வீட்டுலேர்ந்துதான் வந்துச்சு. பின்னறையில காளான் வளர்க்குறோம். வைக்கோல் ஊற வெச்ச டிரம்மு. போர்வையில விழுந்த கரியும் நான் விட்டதுதான்." டிரம், கரி, ஃபேன் என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

அவள் இடைமறிக்காமல் கேட்டாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"குழிகிட்ட வந்து ஒரு மூலையைக் காட்டுனீங்களே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் உள்ளங்கையைத் திருப்பித் தன் பக்கமாகப் பார்த்துக்கொண்டாள். அவருக்குக் காட்டவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா."

"என் காதுல வந்து சொன்னா என்ன ஆகப்போவுது? பன்னெண்டு வீட்டுக்கு முன்னாடிதான் சொன்னீங்க. எந்தப் படியில நின்னு சொன்னீங்களோ அங்கயே போய்ச் சொல்லுங்க. இப்ப நகருங்க, தண்ணி தெறிக்கும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். "அந்தக்கா உன்கிட்ட வந்து கேட்டாங்களா?"

பைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. "கேட்டாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க டிரம்மைக் கொட்டிடுவீங்கன்னு பயம்." அவள் அழவில்லை, தெளிப்பானைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அவங்க கேட்டப்போ எனக்குக் கோபம் வரல. வந்த மாதிரி நடிச்சேன். கத்துனா போயிடுவாங்கன்னு தெரியும். போயிட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

"வீடு போயிடும்."

"போகட்டும்."

"உங்களுக்குச் சொல்லிட்டா பாரம் இறங்கிடும். நாம எங்க போறது?" மூன்று நாள் அவர்களுக்குள் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே மூன்றாவது படியில் நின்று சொன்னார். டிரம் என்றபோது சிலர் விளங்காமல் விழித்தார்கள். நாலாம் மாடிக்காரர் மட்டும் சிரித்துவிட்டு, "காளானா? எங்களுக்கும் ரெண்டு குடுத்திருக்கலாமே" என்றார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. மனைவி பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. "அந்தம்மா என்கிட்ட சரியாத்தான் கேட்டாங்க. நான்தான் விரட்டுனேன்" என்றாள், யாரும் கேட்காமலே.

"அடப்பாவி, அவளை நான் என்ன பேச்சு பேசினேன்!" என்று தரைத்தள அம்மா வாயில் கைவைத்தாள். பிறகு அந்தக் கையாலேயே அவரைச் சுட்டினாள். "எல்லாம் இந்த மனுஷனால."

தாங்களும் சேர்ந்து செய்தது என்று தெரிந்ததும் அவர்களுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அது அவருக்குப் புரிந்தது. அவருக்கே பிடிக்காத முகம்தானே.

செயலாளர் அங்கேயே நின்று விசிலக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார். திரும்ப வரச் சொன்னார். அவள் சொன்ன பதிலைக் கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. "புது ஆளைத் தூக்கிட்டுத்தான் என்னை வெப்பீங்களா, அவன் என்ன தப்பு பண்ணான்னு கேக்குறா" என்று போனை வைத்தார். அறிவிப்புப் பலகையில் இரண்டு வரி எழுதி ஒட்டினார்: படிக்கட்டு வாடைக்குப் பழைய துப்புரவுப் பணியாளர் காரணம் அல்ல. அடுத்த தாள், மூன்றாவது மாடி வீடு மாத முடிவில் காலியாகிறது என்பது.

ஊருக்கு ஒதுக்குப்புறமாக, பின்னால் தகரக் கொட்டகை உள்ள வீடு ஒன்று கிடைத்தது. டிரம் கொட்டகைக்குப் போனது. அங்கே வாடை அடித்தாலும் கேட்க ஆள் இல்லை. இருந்தாலும் மனைவி இப்போது வெந்நீர்தான் வைக்கிறாள். அண்டாவை அவர் பிடித்துக்கொள்கிறார். பழைய தெருவில் இருக்கும் கடைக்குப் பேருந்தில்தான் போய்வர வேண்டியிருக்கிறது.

ஒரு தடவை அவர் பணிமனைப் பக்கம் இறங்கினார். சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. விசிலக்கா அன்றைக்கு ஒரு வண்டியின் படிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேங்கா."

"கேள்விப்பட்டேன்."

அவர் நின்றார். அவள் மேல்படியை முடித்துவிட்டுக் கீழ்ப்படிக்கு வந்தாள். அவர் இன்னும் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"இன்னும் என்ன தம்பி?"

என்ன என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. "ஒண்ணுமில்லக்கா" என்றார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் மோந்து பார்க்கக் கூப்பிடாமல், அடுத்த வண்டிக்குப் போனாள். அவர் தன் பேருந்து வருகிறதா என்று சாலையைப் பார்க்கத் திரும்பினார்.